இரண்டு சண்டைகளும் மூன்று ஊர்களும்

சண்டை என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாத ஊர் உலகத்தில் கிடையாது. தெருமுனையில் இரண்டு சேவல்கள் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால்கூட, அவசரக் காரியமாகப் போகிறவரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பார். ஆனால் அமெரிக்கா தேசத்தில் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. அங்கே சுமார் இருபது வருஷ இடைவெளியில் இரண்டு புதிய சண்டைகள் தோன்றின. முதலில் வந்தது கிக்பாக்ஸிங். அதில் கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம். கட்டிப் பிடித்துத் தரையில் உருளக் கூடாது. பிறகு வந்தது 'மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்கிற கலப்புச் சண்டை. அதில் குத்து, உதை, குஸ்தி, கை முறுக்கு, கழுத்துப் பிடி எல்லாம் உண்டு.

மூத்த பிள்ளை பார்வைக்கு லட்சணமானவன், சுறுசுறுப்புள்ளவன், விதிகளுக்கு அடங்கி நடந்தவன். இளையவனோ பிறந்த மறு நாளே ஊர்ப் பெரியவர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஆயினும் இன்று இளையவன் கோடீசுவரனாக வாழ்கிறான். மூத்தவனோ அமெரிக்காவில் தன் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்க்க முடியாமல் திண்டாடுகிறான். இது எப்படி நேர்ந்தது? இந்தக் கதை நடந்த மூன்று ஊர்களைச் சுற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும் என்று நமக்குத் தோன்றிற்று. நேயர்களும் நம்முடன் வரலாம். டிக்கட் செலவு இல்லை. அடி படும் என்ற பயமும் வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலிஸ்: இடித்துவிட்ட மண்டபம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மையப் பகுதிக்குத் தெற்கே 'எக்ஸ்பொஸிஷன் பார்க்' என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. ரோஜாப் பாத்திகளும் பொருட்காட்சி சாலைகளும் நிறைந்த இடம். அவற்றுக்கு அப்பால், வளைவு வளைவாக வாசல் வைத்துக் கட்டிய கொலீஸியம் என்னும் பந்தய மைதானம் கம்பீரமாக நிற்கிறது. இந்தியர்களாகிய நாம் அந்த வாசலைக் கடக்கும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளலாம். 1932-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயத்தில் தியான் சந்த் முதலானோர் அடங்கிய நம்முடைய ஹாக்கி கோஷ்டி அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் வென்றது இந்த மைதானத்திலேதான்.

ஆனால் நாம் தேடி வந்தது கொலீஸியத்தை அல்ல. அதன் அருகில் இருந்த 'ஸ்போர்ட்ஸ் அரீனா' என்னும் மண்டபத்தை. 1959-ல் திறக்கப்பட்ட மண்டபம் அது. மறு வருஷம் ஜான் கென்னடியை ஜனாதிபதிப் பதவிக்கு அபேட்சகராக அவருடைய கட்சியார் அங்கே கூடித்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1984 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் பந்தயங்களும் அங்கேதான் நடந்தன. 2016-ல் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில், 2018-ல் திறந்த கால்பந்து மைதானம் ஒன்று பளபளவென்று நிற்கிறது. பந்து பார்க்கப் போகிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு இந்த இடத்தில் ஒரு புதுச் சண்டைக்குப் பட்டாபிஷேகம் நடந்தது என்பது தெரியும்?

அந்தப் பட்டாபிஷேகம் நடந்தது 1974 செப்டம்பர் 14-ந் தேதி. அதற்கு முந்திய வருஷந்தான் புரூஸ் லீ என்னும் சினிமா வீரர் இளம் வயதில் காலமாகி, அவருடைய கடைசிப் படங்களில் ஒன்றான 'என்டர் தி டிராகன்' அமெரிக்கா முழுவதும் ஓடிப் பிரசித்தி அடைந்திருந்தது. பையன்களெல்லாம் கராத்தே பள்ளிகளை நோக்கி ஓடினார்கள். ஆனால் அதுவரை நடந்த கராத்தே பந்தயங்களில், அடி மேலே படுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் கையை நிறுத்திவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது என்ன சண்டை என்று இருந்தது. ஜோ லூயிஸ் என்னும் கராத்தே வீரருக்கும் அப்படியே இருந்தது. அவர் 1970-லேயே குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு, நிஜமாகவே அடித்து, அமெரிக்காவில் கிக்பாக்ஸிங்கைத் தொடங்கி வைத்தார். 'கிக்பாக்ஸிங்' என்ற பெயர் அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஓசாமு நோகுச்சி என்பவர் வைத்தது.

1974-ல் 'புரொபஷனல் கராத்தே அஸோஸியேஷன்' என்னும் சங்கத்தார் இந்த மண்டபத்தில் உலக சாம்பியன் பந்தயத்தையே நடத்திவிட்டார்கள். டெலிவிஷனிலும் அதைக் காட்டினார்கள். ஜோ லூயிஸ், ஜெப் ஸ்மித், பில் வாலஸ் என்ற மூன்று அமெரிக்கர்களும், இஸையாஸ் துவேன்யாஸ் என்ற மெக்ஸிகோ தேசத்தவரும் பட்டம் பெற்றார்கள். இவர்களில் பில் வாலஸின் இடது கால் ஒரு அற்புதம். முழங்காலைத் தூக்கினால் உதை வயிற்றுக்கு வருமா, தலைக்கு வருமா என்று எதிராளிக்குத் தெரியாது, தெரிவதற்குள் வந்துவிடும். 1980-ல் அவர் தம் பட்டத்தோடு, தோல்வியே காணாதவராக ஓய்வு பெற்றார்.

இவ்வளவு நல்ல ஆரம்பம் ஏன் நிலைக்கவில்லை? முதற் காரணம் அந்தச் சண்டையின் சட்டத்திலேயே இருந்தது. இடுப்புக்கு மேலேதான் உதைக்கலாம் என்று விதி செய்தார்கள். வீரர்கள் முழுக்கால் சராய் அணிந்து, பாதத்தில் பஞ்சு போன்ற மெத்தைக் காப்பு மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். உயரமாக உதைப்பது சிரமமான வேலை. மூச்சு வாங்கும், ஒற்றைக் காலில் நிற்கவும் வேண்டும். ஆகவே களைத்துப்போன வீரர்கள் உதையை விட்டுவிட்டுக் குத்த ஆரம்பித்தார்கள். சங்கத்தார் பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது எட்டு உதையாவது உதைத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உதைகளை எண்ணுவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உதைச் சண்டைக்காரனை உதைக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது என்றால், அந்தச் சண்டையின் நிலைமையை என்னவென்று சொல்வது!

இரண்டாவது காரணம், பக்கத்து வீட்டில் குடியிருந்த ராட்சதன். அமெரிக்காவில் கையால் குத்தும் சண்டைக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அந்தக் காலத்திலோ முகம்மது அலி உயிரோடு உலாவிக்கொண்டிருந்தார். 1975 அக்டோபர் முதல் தேதி மணிலா நகரத்தில் அலியும் ஜோ பிரேஜியரும் மூன்றாம் முறையாக மோதினார்கள். அதை அமெரிக்கக் கொட்டகைகளில் திரையில் காண வந்தவர்களுக்கு, முன்னதாக ஜெப் ஸ்மித்தின் கிக்பாக்ஸிங் சண்டை ஒன்றும் காட்டப்பட்டது. கிக்பாக்ஸிங்குக்கு அது பெரிய கௌரவம். பெரிய ஆபத்தும் அதுவே. ஏனெனில் இரண்டும் ஒரே மாதிரி மேடையில், ஒரே மாதிரிக் கயிற்றுக்குள், ஒரே மாதிரிக் கையுறையோடு நடந்தன. குத்து விஷயத்தில் கிக்பாக்ஸர்கள் அலிக்கும் பிரேஜியருக்கும் பக்கத்தில் நிற்க முடியாது என்பது குழந்தைக்கும் தெரிந்தது. பாக்கி இருந்தது உதை ஒன்றுதான். அதையும் இடுப்புக்கு மேலே என்று கட்டிப் போட்டுவிட்டார்கள். நன்றாகக் குத்தத் தெரிந்த பையன், அதிகப் பணம் இருக்கிற குத்துச்சண்டைக்கே போய்ச் சேர்ந்தான்.

மூன்றாவது காரணத்தை நம் நாட்டினருக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் ஒன்று இருந்தால் எதிர்ச் சங்கம் ஒன்று முளைக்கும் அல்லவா? 1976-ல் 'வேர்ல்டு கராத்தே அஸோஸியேஷன்' என்று மற்றொன்று புறப்பட்டது. அதில் தொடையிலும் உதைக்கலாம். அதனுடைய பெரிய வீரர், இதே லாஸ் ஏஞ்சலிஸ்காரரான பென்னி உர்கிடெஸ். பிறகு 1980-களின் நடுவில் மூலச் சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள் இன்னொன்று ஆரம்பித்தார்கள். சங்கத்துக்கு ஒரு விதி. விதிக்கு ஒரு சாம்பியன். ஒரே எடையில் மூன்று 'உலக சாம்பியன்கள்' இருந்தால் ஜனங்கள் யாரை நம்புவது? 1979-ல் தோன்றிய ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டு டெலிவிஷன் ஆரம்ப வருஷங்களில் இந்தச் சண்டைகளை அடிக்கடி காட்டிற்று. பல குடும்பங்கள் பார்த்தன. ஆனால் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வதற்கு ஒரு கதை வேண்டுமே! அது இல்லை. கெட்டிக்கார வீரர்கள் பலர் சினிமாவுக்குப் போனார்கள். ஹாலிவுட் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது?

அமெரிக்க ஜனங்கள் கிக்பாக்ஸிங்கை வெறுத்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இந்த ஊரிலேயே கராத்தே வீரர் பில்லி பிளாங்க்ஸ் என்பவர், உதையையும் குத்தையும் சங்கீதத்தோடு கலந்து 'டே போ' என்று ஒரு தேகப்பயிற்சி முறையைக் கற்பித்தார். 1990-களின் கடைசியில் அதன் வீடியோ நாடாக்கள் லட்சக் கணக்கில் விற்றுத் தீர்ந்தன. இன்றைக்கும் சிறிய ஊர்க் கடைத்தெருக்களில்கூடக் கிக்பாக்ஸிங் பயிற்சிக் கூடங்களைக் காணலாம். குடும்ப ஸ்திரீகளும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் அங்கே தொங்கும் மூட்டையை மாலை வேளையில் உதைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தாங்களே உதைப்பதற்குப் பணம் கொடுக்கிறார்கள்; பிறர் உதைப்பதைப் பார்க்கத்தான் பணம் கொடுப்பதில்லை!

டென்வர்: வண்டி நிறுத்தும் இடம்

கொலராடோ மாகாணத்தின் தலைநகரான டென்வர், கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் ராக்கி மலைத் தொடர் நீல மதிலைப் போல் தெரிகிறது. காற்று மெல்லியது, புதிதாக வந்தவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இங்கே 'மைல் ஹை' மைதானத்தின் அருகில், கார்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு பெரிய தார்த் தரை இருக்கிறது. அங்கேதான் 1975-ல் கட்டி, 2000-ல் இடித்த மக்நிகல்ஸ் மண்டபம் இருந்தது. கலப்புச் சண்டையின் ஜன்ம ஸ்தலம் இன்று வண்டி நிறுத்தும் இடம்.

1993 நவம்பர் 12-ந் தேதி இங்கே 'அல்டிமேட் பைட்டிங் சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் எட்டு வீரர்கள் ஒரே இரவில் மோதினார்கள். குத்துச்சண்டைக்காரர் ஒருவர், ஸுமோ மல்லர் ஒருவர், கராத்தே, கிக்பாக்ஸிங் ஆசாமிகள் சிலர், பிரெஞ்சு உதைக் கலையான ஸவாத் வீரர் ஒருவர் என்று ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு பிரதிநிதி. கயிறு கட்டிய மேடைக்குப் பதிலாக, எட்டு மூலைகள் கொண்ட கம்பி வலைக் கூண்டு. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பதைத் தவிரப் பெரிய விதி ஒன்றும் இல்லை. வென்றவருக்கு 50,000 டாலர். முதற் சண்டையில் ஸவாத் வீரரான ஹாலந்து தேசத்து ஜெரார்ட் கோர்டோ, கீழே விழுந்த ஸுமோ மல்லரின் முகத்தில் உதைத்தார். ஒரு பல் தெறித்து விழுந்தது. சண்டை முடிய அரை நிமிஷங்கூட ஆகவில்லை. உதைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

ஆனால் இரவு முடிவதற்குள் கதை மாறிவிட்டது. பிரேஜில் தேசத்து ராய்ஸ் கிரேஸி என்ற ஒல்லியான வாலிபர், வெள்ளை அங்கி அணிந்து வந்து, எதிராளிகளை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவித் தரையில் சாய்த்து அடங்க வைத்தார். இறுதிச் சண்டையில் அதே கோர்டோவையும் இரண்டு நிமிஷத்துக்குள் கீழே தள்ளிக் கழுத்தைப் பிடித்தார். உதைப்பவர் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். சுமார் 86,000 வீடுகளில் காசு கொடுத்து டெலிவிஷனில் இதைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அன்று ஒலிபெருக்கியில் சண்டையை வர்ணித்தவர்களில் ஒருவர், இடது கால் அற்புதத்தால் பெயர் பெற்ற பில் வாலஸ்! தம் கலையின் சிறுமையைத் தாமே ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வாய்த்தது.

அந்த இரவு கிக்பாக்ஸிங்குக்கு உண்டான நஷ்டம் எது என்று யோசிக்க வேண்டும். கிக்பாக்ஸர் தோற்றார் என்பது மட்டும் அல்ல. குத்துச்சண்டைக்காரரும் அன்று தோற்றார். குத்துச்சண்டை அதனால் மாய்ந்துவிடவில்லை. அதற்கு அலியின் ஞாபகமும் கோடிக் கணக்கான பணமும் அரணாக இருந்தன. கிக்பாக்ஸிங்குக்கு இருந்த அரண் ஒன்றே ஒன்று: 'இதுதான் நிஜமான சண்டைக்கு மிகவும் நெருங்கியது' என்ற பேச்சு. குத்துச்சண்டையில் கை மட்டும், எங்களிடம் கையும் உண்டு காலும் உண்டு என்று பதினைந்து இருபது வருஷமாக அவர்கள் சொல்லி வந்தார்கள். அந்த ஒரு மூலதனத்தைக் கலப்புச் சண்டை ஓர் இரவில் பறித்துக்கொண்டது. மேலும் அது ஒரு கேள்வியையும் கையோடு கொண்டு வந்தது: எந்த வித்தை பெரிது? இந்தக் கேள்வியைச் சிறு பையன்கள் எல்லா நாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். சிலம்பக்காரர் பெரியவரா, குஸ்திப் பயில்வான் பெரியவரா என்று நம் ஊர்த் திண்ணைகளிலும் விவாதம் நடந்திருக்கும். கேள்விக்குப் பதில் காண ஜனங்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிட வேண்டும். தரையில் உருள்வது ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது, ஆகையால் உதைச் சண்டை தோற்றது என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மை நேர் விரோதம். கூண்டுக்குள் இருவர் கட்டிப் பிடித்து அசையாமல் கிடந்தால் இன்றைக்கும் கூட்டம் கூச்சல் போடுகிறது. நின்று குத்தி உதைத்தால் ஆரவாரிக்கிறது. அப்படியானால் நின்று மட்டுமே சண்டை போடும் கிக்பாக்ஸிங் அல்லவா அவர்களுக்குப் பிடிக்க வேண்டும்? இல்லை. கூண்டுக்குள் உயர உதைக்கிறவன் ஒரு துணிச்சல் செய்கிறான். அந்தக் காலை எதிராளி பிடித்தால் மறு கணம் அவன் முதுகு தரையில் இருக்கும். அதே உதை கிக்பாக்ஸிங் மேடையில் அழகாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு ஆபத்து இல்லை. உதை ஒன்றுதான்; பார்ப்பவனின் நெஞ்சு அடிப்பதில்தான் வித்தியாசம்.

லாஸ் வேகாஸ்: பாலைவனத்தில் முளைத்த பணம்

மூன்றாவது ஊரைப் பற்றி வர்ணிக்க வேண்டியதே இல்லை. நெவாடா பாலைவனத்தின் நடுவில், சூதாட்ட மாளிகைகள் இரவைப் பகலாக்கிக்கொண்டிருக்கும் லாஸ் வேகாஸ் அது. சண்டை வியாபாரத்துக்கு அமெரிக்காவில் தலைநகர் இதுதான்.

கிக்பாக்ஸிங்கின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான இரவு இங்கே 1988-ல் நடந்தது. மில்வாக்கி நகரத்து ரிக் ரூபஸ் என்னும் இளைஞர் அமெரிக்கக் கிக்பாக்ஸிங்கின் செல்லப் பிள்ளை. அவருக்கு எதிராக, சயாம் என்று நம் முன்னோர் அழைத்த தாய்லாந்திலிருந்து சாங்பூக் கியாட்ஸோங்ரிட் என்பவர் வந்தார். தாய்லாந்து வீரர் முதற் சுற்றிலேயே கீழே விழுந்தார், அமெரிக்கர்கள் குதூகலித்தார்கள். ஆனால் எழுந்தவர் ரூபஸின் தொடையில் உதைக்கத் தொடங்கினார். கோடாலியால் மரத்தை வெட்டுவது போல், ஒரே இடத்தில், மறுபடியும் மறுபடியும். நாலாவது சுற்றில் ரூபஸால் நிற்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். இடுப்புக்குக் கீழே உதைக்காத உதைச் சண்டை எப்படிப்பட்டது என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கலையின் தலைநகரம் அமெரிக்காவில் இல்லை என்பதும் தெளிவாயிற்று. அது பாங்காக்கில் இருந்தது, ஆம்ஸ்டர்டாமில் இருந்தது, 1993-ல் கே-1 பந்தயம் தொடங்கியபின் டோக்கியோவிலும் இருந்தது. டோக்கியோ டோம் மண்டபத்தில் கே-1 பார்க்க அரை லட்சம் பேருக்கு மேல் கூடிய காலம் உண்டு. அதே கே-1 லாஸ் வேகாஸுக்கு வந்து, பெரிய ஹோட்டல்களில் பந்தயம் நடத்தியபோது அமெரிக்கர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வென்றவர்களில் பெரும்பாலோர் அயல் நாட்டினர். அவர்களுடைய பெயரை உச்சரிப்பதற்கே அமெரிக்க நாக்கு தடுமாறிற்று.

கலப்புச் சண்டைக்கோ உள்ளூரிலேயே ஒரு பெரிய படை காத்துக்கொண்டிருந்தது. அதுதான் குஸ்தி. அமெரிக்காவில் குஸ்தி பள்ளிக்கூடத்து விளையாட்டு. வருஷந்தோறும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் உயர்தரப் பள்ளிகளில் குஸ்தி பழகுகிறார்கள். கலாசாலைகளுக்குள் தேசியப் பந்தயம் 1928 முதல் நடந்து வருகிறது. ஆபிரகாம் லிங்கனே வாலிபத்தில் பேர்போன குஸ்திக்காரர். கலாசாலையை விட்டு வெளியே வந்த பயில்வானுக்கு முன்னெல்லாம் ஒலிம்பிக் தவிர வேறு வழி இல்லை. அல்லது நாடகக் குஸ்தியில் வேஷம் போட வேண்டும். கலப்புச் சண்டை அவனுக்கு ஒரு ஜீவனத்தைக் காட்டிற்று. மார்க் கோல்மன், ராண்டி கட்யூர் முதலியோர் இப்படி வந்தவர்கள். ஊர்ப் பள்ளியில் படித்த பையன் கூண்டுக்குள் போனால் ஊர் முழுவதும் பார்க்கும். கிக்பாக்ஸிங்குக்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஆள் அனுப்பவில்லை. கராத்தே வகுப்புகளில் சேர்ந்த குழந்தைகளுக்குக் கலர் கலராகக் கச்சை கிடைத்ததே ஒழிய, பந்தய மேடைக்குப் படி கிடைக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் கலப்புச் சண்டை செத்துப் போயிருக்கும். 1996-ல் அமெரிக்க மேல் சபை அங்கத்தினர் ஜான் மக்கெயின் அதை 'மனிதக் கோழிச் சண்டை' என்று கண்டித்து, ஐம்பது மாகாணங்களின் கவர்னர்களுக்கும் தடை செய்யும்படி எழுதினார். மறு வருஷம் கம்பி வழி டெலிவிஷன் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. அப்போது அது செய்த காரியம் கவனிக்கத் தக்கது. சர்க்காரோடு சண்டை போடாமல் சர்க்காரின் கட்டுப்பாட்டை நாடிப் போயிற்று. எடைப் பிரிவு, சுற்று, கையுறை, தடுத்த அடிகளின் ஜாபிதா எல்லாம் சேர்த்து 2000, 2001-ம் வருஷங்களில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஒரே விதித் தொகுதி உருவாயிற்று. நெவாடாவும் ஏற்றுக்கொண்டது. மூன்று சங்கத்துக்கு மூன்று விதி என்று கிக்பாக்ஸிங் சிதறிய இடத்தில், இது ஒரே விதியின் கீழ் வந்து நின்றது.

பிறகு வந்தது பணம். லாஸ் வேகாஸில் சூதாட்ட மாளிகைகள் வைத்திருந்த பெர்டிட்டா சகோதரர்கள் 2001-ல் இந்தக் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். நிர்வாகத்துக்கு டேனா ஒயிட் என்பவரை வைத்தார்கள். நாலு வருஷத்தில் நாலு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். வேறு யாராயிருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் கடைசி முயற்சியாக, சுமார் ஒரு கோடி டாலர் தாங்களே செலவிட்டு, 2005 ஜனவரியில் ஸ்பைக் டெலிவிஷனில் ஒரு தொடர் நிகழ்ச்சி நடத்தினார்கள். பதினாறு வீரர்களை லாஸ் வேகாஸில் ஒரே வீட்டில் குடிவைத்து, அவர்கள் சாப்பிடுவதையும் சண்டை பிடிப்பதையும் அழுவதையும் படம் பிடித்துக் காட்டினார்கள். ஏப்ரல் 9-ந் தேதி இறுதிப் பந்தயத்தில் பாரஸ்ட் கிரிபின், ஸ்டீபன் பானர் என்ற இருவர் மூன்று சுற்றும் சளைக்காமல் மோதியபோது, சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் டெலிபோன் செய்து பார்க்கச் சொன்னார்கள் என்று பேச்சு. வேடிக்கை என்னவென்றால், கலப்புச் சண்டையைக் காப்பாற்றிய அந்த இரவில், அவர்கள் பெரும்பாலும் நின்றபடியே குத்தி உதைத்துக்கொண்டார்கள்!

சண்டையை விற்பதற்கு முன்னால் மனிதனை விற்றார்கள் என்பதுதான் இதன் சூட்சுமம். 2012-ல் 'குளோரி' என்னும் புதிய கிக்பாக்ஸிங் அமைப்பு தோன்றி, மறு வருஷம் அதே ஸ்பைக் டெலிவிஷனில் இடம் பிடித்தது. நல்ல வீரர்கள், நல்ல பந்தயங்கள். ஆனால் அந்த வீரர்கள் யார், எந்த ஊர், எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று அமெரிக்கருக்குத் தெரிவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. இதற்குள் தம்பியின் கம்பெனி போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கி விழுங்கி, 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விலை போயிற்று. 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் கம்பெனி அதன் சண்டைகளை ஏழு வருஷம் ஒளிபரப்பும் உரிமைக்கு 770 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது.

லாஸ் வேகாஸில் 'ஸ்பியர்' என்று 366 அடி உயரமுள்ள ஒரு கோளம், பூமியில் இறங்கிய சந்திரனைப் போல் நிற்கிறது. 2024-ல் அதற்குள் ஒரு கலப்புச் சண்டைப் பந்தயம் நடந்தது. டிக்கட் வசூல் மட்டும் இரண்டு கோடி டாலருக்கு மேல். தேதி செப்டம்பர் 14. லாஸ் ஏஞ்சலிஸில் கிக்பாக்ஸிங்குக்குப் பட்டம் கட்டி அன்றோடு சரியாக ஐம்பது வருஷம். அந்தப் பொன்விழாவைக் கொண்டாட அங்கே மண்டபம்கூட இல்லை.

ஜயத்தின் விலை

இவ்வளவையும் பார்த்தபின், ஒரே குடையின் கீழ் நின்றவன் ஜயித்தான், பல குடை பிடித்தவன் நனைந்தான் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமாக முடிக்க நமக்கு மனம் வரவில்லை. குடை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குத்துச்சண்டைக்காரர்களை மானேஜர்களும் முதலாளிகளும் சுரண்டாமல் காக்க, 2000-ம் வருஷத்தில் முகம்மது அலியின் பெயரால் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் கலப்புச் சண்டைக்குப் பொருந்தாது. கம்பெனி தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே வீரர்களுக்குக் கொடுக்கிறது, போட்டியாளர்களை ஒழித்துவிட்டபடியால் வீரர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை என்று பழைய வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ல் தொடங்கிய அந்த வழக்கு, 37 கோடியே 50 லட்சம் டாலர் நஷ்டஈட்டோடு 2025-ல்தான் ராஜியாக முடிந்தது. பல்லும் எலும்பும் கொடுத்தவர்களுக்கு உரிய பங்கு கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கிக்பாக்ஸிங்குக்கு எஜமானர்கள் பலர் இருந்தார்கள். அதனால் அது வளரவில்லை. கலப்புச் சண்டைக்கு எஜமானர் ஒருவரே. அதனால் அது வளர்ந்தது, ஆனால் அதில் உழைத்தவர்கள் அதே அளவுக்கு வளரவில்லை.

உதை என்னவாயிற்று? அது சாகவில்லை, வீடு மாறிவிட்டது. லாஸ் வேகாஸில் தொடையில் அடி வாங்கி விழுந்த ரிக் ரூபஸின் தம்பி டியூக் ரூபஸ், அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றுத் தாய்லாந்து முறையைப் பயின்றார். மில்வாக்கியில் பயிற்சிக் கூடம் நடத்தினார். அவருடைய சீடர் ஆண்டனி பெட்டிஸ் 2010-ல் கூண்டின் வலையிலேயே கால் வைத்துப் பாய்ந்து உதைத்த உதை உலகப் பிரசித்தம். 2013-ல் அவர் தம் சொந்த ஊரிலேயே சாம்பியன் ஆனார். குளோரி அமைப்பில் இரண்டு எடைகளில் பட்டம் வென்ற பிரேஜில் தேசத்து அலெக்ஸ் பெரேரா, அங்கே கிடைக்காத கீர்த்தியைத் தேடி 2021-ல் இந்தக் கம்பெனியின் கூண்டுக்குள் வந்தார். அவர் நியூயார்க் நகரத்து மாடிஸன் ஸ்கொயர் கார்டன் மண்டபத்தில், மற்றொரு பழைய கிக்பாக்ஸரான இஸ்ரேல் அடஸானியாவை வென்று கலப்புச் சண்டையின் உலக சாம்பியன் ஆன தேதி 2022 நவம்பர் 12. டென்வரில் உதைக்காரர் தரையைத் தட்டித் தோற்று அன்றோடு சரியாக இருபத்தொன்பது வருஷம்.

அன்று சபையில் ஆரவாரித்த ஜனங்கள் பார்த்தது இரண்டு கிக்பாக்ஸர்களைத்தான். ஆனால் அவர்கள் வாங்கிய டிக்கட்டில் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கவில்லை.